துணை பால் மாறியபோது உங்கள் காதலுக்கு என்ன ஆனது? அனுபவங்களைப் பகிருங்கள்

வெள்ளைக்காகிதம்:
ஏழு வருடம் இரண்டு பெண்களாக வாழ்ந்தோம். இப்போது அவன் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பித்துப் பதினான்கு மாதம். குரல் உடையும், மீசை அரும்பும் என்று தெரியும், மனதைத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். வாசனை மாறும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் இருக்கும், தூக்கத்தில் அவன் கழுத்தில் முகம் புதைத்தவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன், யாரோ படுத்திருப்பது போல. விளக்கைப் போட்டால் அவன்தான்.

மறுநாள் பயணப் பையின் அடியில் துவைக்காமல் கிடந்த அவனுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, என் துணிகளுக்கு அடியில் சுருட்டி ஒளித்து வைத்தேன். போன வாரம் பார்த்தால், கை இரண்டையும் பின்னால் மடக்கி, அவன் மடிக்கிற மாதிரியே மடித்து, அதே இடத்தில் இருக்கிறது. துவைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அவனை விரும்புகிறேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினாறு வயதிலிருந்து லெஸ்பியன் என்று சொல்லிக்கொண்ட நான் இப்போது யார்?

ஈரமண்:
நான் திருநங்கை, என் துணை பெண். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் ஆரம்பித்த இரண்டு மாதத்தில் பழைய ஆசை அடங்கிவிட்டது. முன்பெல்லாம் பசி மாதிரி தானாக வந்து நிற்கும். இப்போது பேசி, தலை கோதி, வெகுநேரம் கழித்து மெல்லத்தான் வருகிறது. வந்தால் உடம்பு முழுக்கப் பரவுகிறது. அவளோ தன்னை வேண்டாம் என்கிறேன் என்றே நினைத்தாள்.

அந்த நேரத்தில்தான் மார்பு வளரத் தொடங்கியது. காம்புக்கு அடியில் பொத்தான் அளவு ஒரு கெட்டி, கதவில் இடித்தால் உயிர் போகும். ஒரு நாள் வாசலுக்கே ஓடிவந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வலி தாங்காமல் தள்ளிவிட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்ட வேகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எத்தனை தடவை விளக்கியும், அதற்கப்புறம் பக்கவாட்டில் ஒற்றைக் கையால்தான் அணைக்கிறாள். வலி போய் ஒரு வருடம் ஆகிறது.

மூன்றாவது ஜன்னல்:
வெள்ளைக்காகிதம், கோபப்படாதீர்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனோடு வாழ்ந்துகொண்டே லெஸ்பியன் என்று சொல்வது, அவனைப் பாதி பெண்ணாகவே வைத்திருப்பது. நானும் திருநம்பிதான். என் முன்னாள் காதலி நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. அங்கேயே சுருங்கிப்போனேன்.

என் கதை சின்னது. பெண்களை மட்டுமே விரும்பியவன் நான். ஊசி தொடங்கிய இரண்டாவது வருடம், ரயிலில் எதிரே இருந்தவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஹார்மோன் ஆளையே மாற்றிவிட்டது என்பார்கள், நான் நம்பவில்லை. ஓர் ஆண் என்னைப் பெண்ணாகப் பார்ப்பதைத்தான் முன்பு தாங்க முடியவில்லை. ஆணாக நின்று பார்த்தபோது அந்தத் தடை இல்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆண்களோடு உறவு கொள்ளும் திருநம்பிகளே, மாதவிடாய் நின்றுவிட்டதால் கரு தரிக்காது என்று இருந்துவிடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல, கருவுக்கு அது கெடுதலும்கூட. அப்புறம், பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது எரிச்சல் வரலாம், சிலருக்குக் கீறலும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். வழுக்கும் ஜெல் இருக்கிறது. அது போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு, குறைந்த அளவுதான், தாடி மீசையை ஒன்றும் செய்யாது. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை பற்றிய எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், கருமுட்டையைச் சேமிப்பது பற்றி ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

வெள்ளைக்காகிதம்:
ஜன்னல், நீங்கள் சுருங்கிப்போனது புரிகிறது. வெளியே யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவனைச் சந்திக்கும் முன்பே அந்தச் சொல் என்னுடையது. அவனுக்காக அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஈரமண், உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் நேற்று ராத்திரி அவனிடம் சட்டையைப் பற்றிக் கேட்டேன். "நீ எடுத்து வெச்சிருக்கே. நான் எப்படித் துவைக்கிறது?" என்றான். விளக்கை அணைத்த பிறகும் இருவரும் தூங்கவில்லை. லெஸ்பியன் என்ற சொல்லைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.