உதவி: கியூபெக்கில் ‘கிங்’ தாத்தாவைக் காணவில்லை

மெரிமாக் மருமகன்: என் மாமியாரின் தாத்தா ஜோசப் கிங், மாசசூசெட்ஸ் லோவலில் பஞ்சாலைத் தொழிலாளி. 1900 அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருக்கிறார்: பிறந்தது 1862, பிரெஞ்சுக் கனடா, வந்தது 1889, மனைவி மேரி. சொந்த ஊர் கமுராஸ்கா பக்கம் என்று மாமியார் சொல்கிறார். கியூபெக் தேவாலயப் பதிவேடுகளில் தேடினால் ஊரெல்லாம் ஜோசப், ஆனால் கிங் என்று ஒருவர்கூட இல்லை. மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் குடும்ப மரம் வரைந்து தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மொன்றியல்வாசி: வீட்டில் பெரியவர்கள் அவரை வேறு ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? கேட்டுப் பாருங்கள்.

மெரிமாக் மருமகன்: கேட்டேன். ‘ருவா’ என்பார்களாம். செல்லப்பெயர் என்று நினைத்து எழுதிக்கூட வைக்கவில்லை.

மொன்றியல்வாசி: அதுதான் குடும்பப் பெயர்! ‘ருவா’ என்றால் ராஜா. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் போனவர்கள் பலர் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள். லெப்லான் ஒயிட் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார்.

இன்னொன்று, ஜோசப்பை நம்பித் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் அங்கே ஞானஸ்நானத்தில் பெரும்பாலான ஆண் பிள்ளைகளுக்கு முதலில் ஜோசப், பெண் பிள்ளைகளுக்கு மேரி என்று வைத்துவிடுவார்கள். அடுத்து பெரும்பாலும் ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும்.

மெரிமாக் மருமகன்: அப்போ மேரி கிங்கையும் தேடிப் பயனில்லையா?

மொன்றியல்வாசி: பயனில்லை. கத்தோலிக்கப் பதிவேட்டில் பெண்ணுக்குச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான், அடக்கப் பதிவிலும் அதே. திருமணப் பதிவைப் பிடியுங்கள். இரு பக்கத்துப் பெற்றோரின் பெயரும் அதில் இருக்கும், ஒரே தாளில் நான்கு பேர் கிடைப்பார்கள்.

பழைய ஏடு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கமுராஸ்கா என்றதும் ஒன்று தோன்றியது. நம் ஊர்ப் பத்திரத்தில் ‘முத்துசாமி என்கிற ராசு’ என்று எழுதுவார்கள் இல்லையா, அந்த ‘என்கிற’வுக்கு அங்கே ‘டி’ என்று ஒரு சொல். 1665-இல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சாலியேர் படையினர் பலருக்கு இப்படிப் பட்டப்பெயர் இருந்தது. அங்கேயே குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. நிலத்தை வைத்தும் ஊரை வைத்தும் வந்தவை தனி. பிற்பாடு ஒருவர் முதல் பெயரையும் அவருடைய தம்பி இரண்டாம் பெயரையும் பிடித்துக்கொண்டதுண்டு. கியூபெக்கின் லெவி நகரில் 1900-இல் கூட்டுறவு வங்கி தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டனின் தந்தை ‘ருவா டி டெஜார்டன்’, தாய் ‘மிவில் டி டெஷேன்’. கமுராஸ்கா பக்கம் அந்த ருவா வம்சம் நிறைய. எதற்கும் டெஜார்டன் என்றும் போட்டுப் பாருங்கள். எல்லா ருவாவும் டெஜார்டன் ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மெரிமாக் மருமகன்: கிடைத்துவிட்டார்! திருமணம் 1887, பெயர் பிரான்சுவா டெஜார்டன். ஞானஸ்நானத்தில் ‘ஜோசப் லூயி பிரான்சுவா, ருவா டி டெஜார்டன்’. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் மாமியார் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஒரே சிக்கல், ஞானஸ்நானம் 1859. மூன்று வருடம் இடிக்கிறதே?

பழைய ஏடு: அதே பெற்றோருக்கு 1862 வரை வந்த அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். பிள்ளை இறந்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அப்போது அங்கே சகஜம். பக்கம் கிழிந்திருந்தாலும் கவலையில்லை. அந்தக் காலத்தில் பதிவேட்டை இரண்டு படியாக எழுதி ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைப்பார்கள், அந்தப் படியில் தேடலாம்.

மெரிமாக் மருமகன்: பார்த்துவிட்டேன். 1860 பிப்ரவரியில் பத்து மாதக் குழந்தை பிரான்சுவாவின் அடக்கம். 1862-இல் இன்னொரு பிரான்சுவா. மாமியாரிடம் சொன்னேன். மூத்த பிரான்சுவாவுக்கும் மரத்தில் ஓர் இடம் விடச் சொன்னார்.