பள்ளிப் பிள்ளைக்குக் கோடையில் ஆய்வகத்தில் இடம் கிடைக்குமா?

கேள்வி:
நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் 11-ஆம் வகுப்பு, உயிரியல் மேல் அத்தனை ஆசை. அடுத்த கோடையில் ஏதாவது பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பழக வேண்டும் என்கிறாள், விசாரித்த இடத்திலெல்லாம் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். காசு கட்டாமல் வழி உண்டா?

பதில் 1:
உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) வளாகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ (ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்) என்ற கோடை ஆய்வுத் திட்டம் 1984-இல் தொடங்கியது, ஆறு வாரம், படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ஆனால் நூறு பேர் அளவில்தான் எடுப்பார்கள், போட்டி கடுமை. நியூயார்க்கில் உள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் கோடை ஆய்வுத் திட்டத்தையும் பாருங்கள், அதற்குப் பள்ளி பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பத் தேதிகள் குளிர்காலத்திலேயே வந்துவிடும், இப்போதே ஆசிரியரிடம் பேசுங்கள்.

பதில் 2:
நான் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். போன கோடையில் ஒரு பையன் வந்தான். முதல் வாரம் முழுக்க பிப்பெட்டில் (துளித்துளியாகத் திரவத்தை அளந்தெடுக்கும் கருவி) தண்ணீரை உறிஞ்சி தராசில் விட்டு எடை பார்த்ததுதான் வேலை, 100 மைக்ரோலிட்டர் என்றால் 0.1 கிராம் வர வேண்டும், கை நடுங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். மூன்றாவது வாரம் அவன் ஓட்டிய ஜெல்லில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் சோதனை) ஒரு கோடும் வரவில்லை, முகம் வாடிப்போய்விட்டது. மறுநாள் எனக்கு முன்னால் வந்து திரும்ப ஆரம்பித்திருந்தான். அந்தப் பொறுமைதான் வேண்டும், மதிப்பெண்ணை நாங்கள் பார்ப்பதே இல்லை. அப்புறம், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்பார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பள்ளியில் நாளைக்கே பேசுகிறேன். அருகிலுள்ள பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாமா?

பதில் 2:
தாராளமாக. மகளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். அந்தப் பேராசிரியருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.