சாம்பிள்: மாதிரியா, ஒலிநறுக்கா?

தல்லாகுளத்திலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹிப்ஹாப் கலைச்சொல் பட்டியலில் சாம்பிளுக்கு நேரே 'மாதிரி' என்று ஏறியிருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒலிப்பொறியியலில் அந்தச் சொல் வேறு பொருளில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஒலியலையை அளந்தெடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் அங்கே மாதிரி: சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஹிப்ஹாப்காரர்கள் சாம்பிள் என்பது, ஒருவர் பதிந்து வைத்த ஒலியிலிருந்து வெட்டியெடுத்த துண்டை. இரண்டும் ஒரே கருவியில் வரும். 1987இல் வந்த இ-மு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர், அதாவது ஒலியைப் பதிந்து வெட்டி வாசிக்கும் கருவி, நொடிக்கு 26,040 மாதிரி வீதம் பதியும். அதில் ஒரு சாம்பிள் 2.5 நொடியைத் தாண்டாது. இந்த வாக்கியத்தில் சாம்பிளை எடுத்துவிட்டு மாதிரியைப் போட்டால் பொருள் குழம்பிவிடும்.

'ஒலிநறுக்கு' என்பது என் பரிந்துரை. ஓலை நறுக்கு என்று வழங்குகிறோமே, அந்த நறுக்கு. பெயராகவும் நிற்கும், வினையாகவும் நடக்கும்.

செல்லூரிலிருந்து:

ஐயா, நறுக்கு எனக்குச் சம்மதம். ஆனால் அது எந்தக் காலத்துச் செயலுக்குப் பொருந்தும் என்பதையும் பட்டியலில் எழுத வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய காலத்தில் யாரும் எதையும் நறுக்கவில்லை. பாட்டு ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் பேசும் இடத்தில்தான் ஆட்டக்காரர்கள் இறங்குகிறார்கள் என்று கண்டு, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை நீட்டும் முறையை அவர் வளர்த்தார். அந்த இடத்தைத்தான் ப்ரேக் என்கிறார்கள். நமக்குக் கச்சேரியில் 'தனி' இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இன்னொரு டிஜே இசைத்தட்டின் மேல் கிரேயானால் குறியிட்டு, எவ்வளவு பின்னால் திருப்புவது என்று கணக்கு வைத்தார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 தாளத்தட்டு ஓடும் பாட்டில் அது சரியாக மூன்று தாளத்தட்டு. நான்கு தாளத்தட்டை மறுபடி ஒலிக்க வைக்க, ஒரு சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் பின்னுக்கு இழுக்க வேண்டும். கை வழுக்காமல் இருக்க வேண்டும், தட்டுக்கு அடியில் வழுக்க வேண்டும். அதற்குத்தான் கம்பளி விரிப்பு.

நறுக்கு பிறப்பது சாம்ப்ளர் வந்த பிறகு. எஸ்பி-1200இன் மொத்த நினைவகமே ஏறக்குறைய 10 நொடி. அதனால் 33 வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, உள்ளே சுருதியைச் சுமார் ஐந்து அரைச்சுரம் இறக்குவார்கள். பத்து நொடியில் பதின்மூன்றரை நொடி அடங்கும். இறக்கும்போது 12 பிட் என்ற குறைந்த துல்லியப் பதிவின் கரகரப்பு மேலே வரும். இடப் பற்றாக்குறையால் வந்த அந்தக் கரகரப்பை இப்போது மென்பொருளில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

நறுக்கியதை மேலும் சிறு துண்டாக்கி, வரிசை மாற்றி அடுக்குவது சாப்பிங். அதற்குக் 'கொத்து' போதும். கொத்துப் பரோட்டாவில் வடிவம் போய் ருசி நிற்பதுபோல, இதில் மெட்டு போய்விடும், ஒலியின் நிறம் நிற்கும்.

மேலூரிலிருந்து:

தம்பி, 'கொத்து' அருமை. ஒரு பிரிவு விட்டுப்போயிற்று. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம், பிறர் பதிவிலிருந்து அனுமதியில்லாமல் நறுக்கி எடுத்தது தப்பு என்று தீர்ப்பளித்தது. ஒரு நறுக்குக்கு இரண்டு அனுமதி வேண்டும்: பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று. ஒரே பாட்டில் பத்துப் பன்னிரண்டு நறுக்கு வைத்த அடுக்குமுறை அதன் பிறகு கட்டுப்படியாகாமல் போனது. பலர் மெட்டைப் புதிதாக வாசித்துப் பதியத் தொடங்கினார்கள். அப்போது மெட்டுக்கான அனுமதி மட்டும் போதும். அது நறுக்கு ஆகாது. 'மீட்டிசை' என்று தனியாக வைப்போம்.

நம் பக்கம் தப்பு மேளத்தையும் உறுமியையும் நறுக்குகிறவர்களுக்கும் சில வரி சேர்க்கிறேன். தப்பை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றியவுடன் இருக்கும் சுருதி, வாசிக்க வாசிக்க இறங்கும். முதல் அடியையும் கடைசி அடியையும் ஒரே பாட்டில் கலந்தால் ஒவ்வாது. ஆகவே ஒவ்வொரு முறை காய்ச்சிய பிறகும் தனிக் கோப்பாகப் பதியுங்கள். ஒலியலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். உறுமியின் இழுப்பு முழுதும் அடங்கும்வரை வாலை விட்டு வையுங்கள். கூட்டத்தின் வேகத்தோடு அடி ஏறும் என்பதால், நான்கு ஆவர்த்தனத்துக்கு மேல் நீட்டிச் சுழலவிட்டால் நழுவும்.

மும்மூன்றாக நடக்கும் அடி, நிமிடத்துக்கு 90 தாளத்தட்டில் நேராக நடக்கும் பூம்பாப் என்ற பழைய ஹிப்ஹாப் நடையில் இடிக்கும். ட்ராப் என்ற பிந்தைய நடை வந்தபின் அந்தக் கவலை குறைந்தது: 140இல் எண்ணி 70ஆக நடக்கும்போது ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளமே திஸ்ரத்தில் ஓடுகிறது, தப்பு அதோடு சேர்ந்துகொள்கிறது.

வாசித்தவருக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. பதியும் அன்றே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கூலியோடு பங்கும் பேசுங்கள். பட்டியலில் நறுக்குக்கு நேரே 'பதிவிலிருந்து' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். அதை விட்டால் மீட்டிசையும் நறுக்குக்குள் போய்விடும்.