எழும்பூர் மியூசியத்தில் மூன்று மணி நேரம்: 42 பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

பூண்டி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். அடுத்த மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருக்கிறேன். போன வருடம் செய்த தப்பைத் திரும்பவும் செய்யக்கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

போன வருடம் மியூசியம், வண்டலூர், மெரினா மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டேன். மியூசியத்துக்கு மிஞ்சியது ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நடந்தார்கள். நான் பின்னால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் வகுப்பில், "பார்த்ததில் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள்" என்றேன். முக்கால்வாசித் தாள்களில் திமிங்கில எலும்புக்கூடு. அதை எழுதியதில் தப்பில்லை. ஆனால் அது பெரிசாக இருந்தது என்பதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை. ஒரு பிள்ளையும் எதன் முன்னாலும் நின்று பார்க்கவில்லை. நான் நிற்க விடவில்லை.

எங்கள் பாட்டி வியாசர்பாடிக்காரர். மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும்தான் சொல்வார். பழைய மெட்ராஸ்காரர்கள் பலரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அந்தக் 'காலேஜ்' என்ற சொல்லை மட்டும் விடவே இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இந்தத் தடவை மூன்று மணி நேரம் முழுசாக இருக்கிறது. எதைக் காட்டலாம்? இன்னும் இரண்டு கேள்விகளும் உண்டு. போன வருடம் வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் ஒரு பையன், "சாமிய ஏன் டீச்சர் கோயில்ல வைக்காம இங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், தலைமையாசிரியர் கேட்டது: "எல்லாப் படமும் போன்லயே வருதேம்மா, பஸ் வாடகை எதுக்கு?" அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பணம் அவர்தான் புரட்ட வேண்டும்.

கல்லும் மண்ணும்:

டீச்சர், நான் கற்காலக் கருவிகளில் ஆய்வு செய்கிறவள். ஒரு வேண்டுகோள். அங்கே இருப்பது முழுவதையும் காட்ட நினைக்காதீர்கள். இரண்டே பொருளைக் காட்டுங்கள். இரண்டும் உங்கள் மாவட்டத்திலிருந்து போனவையாக இருக்கட்டும்.

ஒன்று, கல். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது கைக்கோடரி, அதாவது ஆதி மனிதர் கையில் பிடித்துப் பயன்படுத்தச் செதுக்கிய கல். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் உங்கள் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்கு வந்து, ஓடைக்கரையில் அதே மாதிரிக் கருவிகளைக் கண்டார்கள். உங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடத்தில் இதைப் படித்திருப்பார்கள். பாடத்தில் இல்லாதது ஒன்று உண்டு. ஃபுட் நாற்பது ஆண்டுகளாகத் தென்னிந்தியா முழுக்க நடந்து சேர்த்த கற்களையும் பானையோடுகளையும் 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கியது. எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்திருந்தார், பட்டியலும் அச்சில் வந்தது. என்னைப் போன்றவர்களுக்கு உயிர் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. ஊர்ப்பெயர் தொலைந்த கைக்கோடரி வெறும் ஜல்லி, டீச்சர். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அத்திரம்பாக்கக் கருவிகளின் வயது என்ன என்று கண்டுபிடிக்க ஃபுட்டிடம் வழி இல்லை. 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் மீண்டும் தோண்ட ஆரம்பித்தது. குவார்ட்சைட் என்ற கடினமான கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதற்குள் அலுமினியம், பெரிலியத்தின் சில ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) உண்டாகும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒன்று வேகமாக, மற்றொன்று மெதுவாக. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் புதைந்த காலம் தெரியும். 2011-இல் வந்த விடை, சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அங்கேயே மேலடுக்குகளில் கிடைத்த வேறு வகைக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட ஆரம்பித்துவிட்டன என்று 2018-இல் எழுதினார்கள். அதற்குமுன் இந்தியாவில் அப்படிப்பட்ட கருவிகள் மிகப் பிந்தியவை என்றே நினைத்திருந்தோம். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது, இன்னும் பிறக்காத ஒருவர் வந்து கேட்கப்போகும் கேள்விக்காகவும்தான்.

இரண்டாவது, திருவாலங்காட்டு நடராசர். சோழர் கால வெண்கலம். உங்கள் பிள்ளைகளில் சிலர் பங்குனி உத்திரத்துக்குத் திருவாலங்காட்டுக்கே போயிருப்பார்கள், காரைக்கால் அம்மையார் கதையும் வீட்டில் கேட்டிருப்பார்கள். கோயிலில் காலை மேலே தூக்கிய ஊர்த்துவ தாண்டவம். எழும்பூரில் இருப்பது ஆனந்த தாண்டவம். இந்த வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ரஷ்யக் கலை ஆய்வாளர் விக்டர் கோலுபேவ் எடுத்த இந்தச் சிலையின் புகைப்படங்கள் பாரிசில் சிற்பி ரோடின் கைக்குப் போயின. 1913-இல் அவற்றைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்தது அவர் இறந்தபின், 1921-இல். இந்தியாவுக்கு வராத ஒரு பெருஞ்சிற்பி நம் ஊர்ச் சிற்பியின் வேலையை உறுப்பு உறுப்பாக, தசை தசையாகப் பார்த்து வியந்திருக்கிறார்.

போவதற்கு முந்தின வாரம் மியூசியத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கற்காலக் கருவிகளில் எவை காட்சியில் இருக்கின்றன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பு முழுவதும் எப்போதும் வெளியே இருக்காது.

களிம்பு:

வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, வெண்கலக் கூடத்துக்குப் போகுமுன் உங்கள் அறிவியல் டீச்சரிடம் சொல்லி அரை மணி நேரம் வாங்குங்கள்.

அங்குள்ள சிலைகளில் பல மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. எந்தப் படை வருமோ என்ற பயத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள், திரும்பி வந்து எடுக்க ஆள் இல்லை. ஏர் உழும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ கிடைக்கும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். அப்படித்தான் பல சிலைகள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது. கோயிலிலிருந்து பிடுங்கி வந்தவை என்று அவன் நினைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

புதைந்த வெண்கலத்துக்கு ஒரு நோய் உண்டு. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேரும். வெளியே எடுத்தபின் காற்றின் ஈரம் பட்டால் அது அமிலத்தை உண்டாக்கி மேலும் செம்பை அரிக்கும். அரித்தது மறுபடி குளோரைடாகும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் சிலையின் நகக்கணு வரைக்கும் தேய்ந்து போய்விடும். 1930-இல் எழும்பூர் மியூசியத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அதை நடத்தினார். சிலையையே எதிர்மின்வாயாக்கிக் காரக் கரைசலில் மூழ்கவைத்துக் குறைந்த மின்சாரம் செலுத்தி, குளோரைடை வெளியே இழுத்தார்கள். பத்தாம் வகுப்பில் மின்னாற்பகுப்பு நடத்தும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பாடப்புத்தகத்தில் வரும் செம்பு சல்பேட்டை விட நடராசர் மனசில் நிற்பார்.

அரியலூர்க்காரி:

டீச்சர், சாமி ஏன் மியூசியத்துலன்னு கேட்ட தம்பிக்கு என் பக்கத்துக் கதைய சொல்லுங்க. ஸ்ரீபுரந்தான்ங்கிற ஊரு எங்க மாவட்டம். அங்க சோழர் காலக் கோயில் ஒண்ணு பாழடைஞ்சு, வௌவாலும் தேனடையுமா, பூட்டிக் கிடந்துச்சு. உள்ள இருந்த நடராசர யாரும் பாக்கல. திருட்டுப் போனதே ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது. அது 2008-ல ஆஸ்திரேலியாவோட தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு வித்தாச்சு. வித்தவன் சுபாஷ் கபூர், நியூயார்க்குல கடை வச்சிருந்த கலைப்பொருள் வியாபாரி.

அது நம்ம சாமிதான்னு எப்படி நிரூபிச்சாங்க தெரியுமா? பாண்டிச்சேரியில பிரெஞ்சு நிறுவனம் ஒண்ணு இருக்கு. அவங்க 1956-லேருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாப் போய் படம் எடுத்து வச்சிருக்காங்க, லட்சத்துக்கு மேல. எங்க ஊர் நடராசரும் அதுல இருந்தாரு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, முடிஞ்சு போச்சு. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து திருப்பிக் குடுத்தாரு.

பூசை நடக்குற சாமி கோயில்லதான் இருக்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா யாரும் பாக்காத, யாரும் எழுதி வைக்காத சாமிக்குக் கோயிலும் பாதுகாப்பு இல்ல. வெளிநாட்டு மியூசியத்துக்கு நம்ம சிலை போறதும் தப்பு இல்ல, கண்காட்சிக்குன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பி, திரும்பி வந்தா சரி. அதுக்குப் பேருதான் பரிமாற்றம். களவு போனதுக்கு அந்தப் பேர வைக்கக்கூடாது. கபூர்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இன்னொண்ணு, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. தேதி வைக்கும்போது பாத்துக்கங்க.

பூண்டி டீச்சர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். நான் முதலில் குறித்திருந்த தேதி வெள்ளிக்கிழமைதான். அரியலூர்க்கார அக்காவுக்கு 42 பிள்ளைகள் சார்பில் நன்றி.

புதன்கிழமை போனோம். கற்காலப் பகுதியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லை மட்டும் தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும் என்றேன். முதல் ஐந்து நிமிடம் சலசலப்பு, அப்புறம் அடங்கிவிட்டது. ஒரு பெண் தன் கையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்து, கல்லைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பார்த்தாள். "டீச்சர், இது வலது கைக்கு வாட்டமா இருக்கு" என்றாள். அது சரியா தெரியாது, ஆனால் போன வருடம் இப்படி ஒரு கேள்வி யாருக்கும் வரவில்லை.

நடராசர் முன்னால் "என்ன இல்லை?" என்று மட்டும் கேட்டேன். "சுத்தி நெருப்பு வளையம் இல்ல", "சடை விரியல" என்று இரண்டையும் அவர்களே சொன்னார்கள். திருவாலங்காட்டிலிருந்து வரும் பையன், "எங்க கோயில்ல கால் இன்னும் மேல போகும் டீச்சர்" என்று எல்லோர் முன்னாலும் நின்று காட்டப் போய்த் தடுமாறினான். அங்கிருந்த காவலர் அவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, தானும் அந்தப் பக்கத்து ஊர்தான் என்றார். ரோடின் கதையையும் சொன்னேன். உடனே ஒருத்தி, "அப்ப அவரும் போட்டோவுலதான பாத்தாரு, நாம மட்டும் ஏன் பஸ்ஸுல வரணும்?" என்றாள். தலைமையாசிரியர் கேட்டதேதான். நான் பதில் சொல்லாமல், பாடப்புத்தகத்திலுள்ள நடராசர் படத்தை அவள் கையில் கொடுத்து, சிலைக்குப் பக்கவாட்டில் போய் நின்று வரையச் சொன்னேன். பதினைந்து நிமிடம் கழித்து வந்து, "படத்துல முதுகு இல்ல டீச்சர்" என்றாள். அதைத் தலைமையாசிரியரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டுக்குப் பூண்டியில் கற்காலப் பொருள்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்திலேயே இருக்கிறது, வாடகை ஆட்டோ போதும்.

திமிங்கிலத்துக்கும் போனோம். கடைசிப் பத்து நிமிடம்.

இப்போது ஒரு சந்தேகம். திங்கட்கிழமை என் மேசையில் பிள்ளைகள் ஏழு கல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆறு சாதாரணக் கல் என்று எனக்கே தெரிகிறது. ஏழாவது உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர், இரண்டு பக்கமும் செதில் செதிலாகச் சில்லு எடுத்தது போல. தாத்தாவின் கேணி மேட்டில் கிடந்தது என்கிறான் அதைக் கொண்டுவந்த பையன். மண் ஒட்டியிருக்கிறது. 'கல்லும் மண்ணும்' அம்மா, படம் அனுப்பட்டுமா? கழுவிவிட்டு எடுக்கவா?

கல்லும் மண்ணும்:

கழுவாதீர்கள்! அந்த மண்ணும் வேண்டும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும், ஓரமும் படம் எடுங்கள். இனிமேல் யாரும் எதையும் எடுத்துவர வேண்டாம், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். இதை மட்டும், கேணியிலிருந்து எந்தத் திசையில், எத்தனை அடி தள்ளி, என்றைக்கு எடுத்தான் என்று அவன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். சனிக்கிழமை பூண்டிக்கு வருகிறேன். அவனையும் தாத்தாவையும் கேணி மேட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.