நம் ஊர்க் கொட்டகை எங்கே இருந்தது?

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் டூரிங் டாக்கீஸ் சந்தைப்பேட்டையை ஒட்டி இருந்ததா, ஏரிக்கரைக்குக் கீழே இருந்ததா என்று சென்ற மாதம் எழுந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. விசாரித்துப் பார்த்த அளவில் இருவர் சொல்வதும் சரி. ஏனென்றால் அந்தக் கொட்டகை ஓர் இடத்தில் நிலைத்திருக்கக் கூடாது என்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட உரிமத்தின் அடிப்படை.

நம் வட்டாரத்துக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சலனப்படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914-இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் என்ற திரையரங்கு பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறினாலும், அந்தச் சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. நகரத்துக்குக் கட்டடம் கிடைத்தது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அவர் தொடங்கிய கூடாரமே, கீற்றுக் கூரையும் மூங்கில் தட்டியுமாக உருமாறி, அடுத்த எழுபது ஆண்டுகள் தொடர்ந்தது.

1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்கீழ் வந்த 1957-ஆம் ஆண்டு விதிகளும் நிரந்தரத் திரையரங்கு வேறு, டூரிங் சினிமா வேறு என்று பிரித்துவைத்தன. டூரிங் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும். நிரந்தரத் திரையரங்குக்குப் பக்கத்தில் அதைப் போடவும் முடியாது. ஆகவே நம் ஊர் முதலாளி காலக்கெடு முடியும்போதெல்லாம் கொட்டகையைப் பிரித்து, கம்பங்களையும் பெஞ்சுகளையும் வண்டியேற்றி, ஊரின் மறுபக்கத்தில் மீண்டும் நட்டார். சந்தைப்பேட்டைக்காரர்களும் ஏரிக்கரைக்காரர்களும் வெவ்வேறு ஆண்டுகளின் நினைவை வைத்துக்கொண்டு சண்டையிட்டிருக்கிறார்கள். அஸ்திவாரமோ சுவரோ இன்று தேடினாலும் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

கொட்டகையிலேயே உறுதியாகக் கட்ட வேண்டியிருந்தது ஆபரேட்டர் அறை ஒன்றுதான். பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது என்பதாலும், கார்பன் குச்சிகள் இரண்டுக்கிடையே மின்பொறி எரிந்துதான் வெளிச்சம் வந்தது என்பதாலும், அந்த அறை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதில் அதிகாரிகள் கண்டிப்பாக இருந்தார்கள். அதற்கு நாலடி தள்ளிக் கூரை முழுவதும் காய்ந்த கீற்று என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உள்ளே இருந்தது ஒரே புரொஜெக்டர். ஒலிப்படச் சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். பதினாறாயிரம் அடிப் படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ஒரு சுற்று தீர்ந்தால் அதைக் கழற்றி அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டாக வேண்டும். நகரத்தில் ஒரே இடைவேளையாக முடிந்த படத்துக்கு நம் ஊரில் மூன்று இடைவேளை வந்தது இதனால்தான். முறுக்கு, கடலை மிட்டாய், கலர் சோடா விற்றவர்களின் பிழைப்பு அந்த ஒற்றைப் புரொஜெக்டரை நம்பியே நடந்தது. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து உயரம் சேர்த்துக்கொண்டதும், பின்னால் இருந்தவர் "குவியலைக் கலைப்பா" என்று சத்தம் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தட்டியின் இடுக்கு வழியே பகல் வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால் ஆட்டம் இருட்டிய பிறகு மட்டுமே. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டதும் வயலில் இருந்தவர்கள் நேரம் கணித்துக்கொண்டு கரையேறுவார்கள்.

கொட்டகையைத் தொலைக்காட்சி கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நம் ஊரில் முதல் அடி விழுந்தது, பஸ் நிலையத்தருகே சிமென்ட் கட்டடத்தில் நிரந்தரத் திரையரங்கு வந்தபோது; தூர விதியின்படி டூரிங் கொட்டகைக்கு அதன்பின் உரிமம் கிடைக்கவில்லை. 1993-க்குப் பிறகு சன் தொலைக்காட்சியும் கேபிள் கம்பிகளும் வந்து அடித்தது அந்தச் சிமென்ட் கட்டடத்தை. ஃபிலிம் பெட்டி பஸ்ஸில் வருவது நின்று, படங்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது, புதுக் கருவிக்கான செலவைத் தாங்க முடியாமல் அதுவும் கதவடைத்தது. இப்போது அங்கே மஞ்சள் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள்.

நம் சங்க மலருக்குக் கொட்டகையின் புகைப்படம் கிடைக்காவிட்டாலும், மாட்டுவண்டியில் தப்படித்துக்கொண்டு வீசிச் சென்ற நோட்டீஸ்கள் யாரிடமாவது இருக்கக்கூடும். பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் விரித்த தாளை எடுத்துப் பாருங்கள். என் அம்மாவின் பெட்டியில் ஒன்று கிடைத்திருக்கிறது: ரோஸ் நிறத் தாள், ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது, "வெள்ளி முதல்" என்பதும் "ஏரிக்கரை" என்பதும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. சந்தைப்பேட்டைக்காரர்கள் தங்கள் பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம்.