சிறிய வரலாற்றுச் சங்கங்களுக்கு மின்னாக்கம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

பழங்கட்டு:
வணக்கம். உள்ளூர் வரலாற்றைச் சேகரித்து வைத்திருக்கும் ஆறேழு சிறிய சங்கங்களுக்கு மின்னாக்கப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எல்லோரும் தன்னார்வலர்கள், பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். பழைய புகைப்படம், கடிதம், கணக்குப் புத்தகம், கொஞ்சம் ஒலிநாடா, இவைதான் அவர்களிடம் இருப்பவை. போன வருடம் ஒருநாள் வகுப்பு எடுத்தேன், ஆர்வமாகக் கேட்டார்கள், குறிப்பும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு சங்கத்திலும் வேலை தொடங்கவில்லை. ஓர் இடத்தில் ஸ்கேனர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அவர்களிடம் அக்கறை இல்லை என்று சொல்லவே முடியாது. அப்படியென்றால் நான் சொல்லிக்கொடுத்ததில் எது விட்டுப்போனது?

நூல்தூசி:
அவர்கள் ஒரு பொருளைக்கூடக் கடைசிவரை செய்து பார்க்கவில்லை, அதுதான் விட்டுப்போனது. அடுத்த முறை அவர்களுடைய சொந்தப் பெட்டியிலிருந்து பத்தே பத்து பொருளை எடுத்துவரச் சொல்லுங்கள். எண் போடுவது, ஸ்கேன் செய்வது, விவரம் எழுதுவது, இரண்டு இடத்தில் சேமிப்பது, திரும்ப உறையில் வைப்பது என்று பத்தையும் முழுசாக முடிக்கட்டும். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஸ்கேன் செய்வது அரை மணி நேரத்தில் கைவந்துவிடும், விவரம் எழுதுவதில்தான் பயிற்சி வேண்டும். நான் போன ஒரு சங்கத்தில் ஒரு குழுப் படம், பின்பக்கம் பென்சிலில் இடமிருந்து வலமாகப் பெயர்கள், மூன்றாவது பெயரை அடித்துவிட்டு மேலே வேறு மையில் இன்னொரு பெயர். எது சரி என்று நால்வரும் வெகுநேரம் பேசினார்கள், நான் குறுக்கே போகவில்லை. அப்புறம் இரண்டு பெயரையும் அப்படியே பதிந்து, ‘அடிக்கப்பட்டிருக்கிறது’ என்று குறித்து, தாங்கள் நினைப்பதைத் தனிப் புலத்தில், அதாவது விவரத்துக்கான தனிக் கட்டத்தில், எழுதினார்கள். பொருளில் இருப்பது வேறு, நாம் ஊகிப்பது வேறு என்பது அன்றைக்கு அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. பொருட்களின் விவரத்தைப் பதிவதற்கான டப்ளின் கோர் என்ற பொதுத் தரத்தில் 15 புலங்கள் இருக்கின்றன, முதல் நாளே எல்லாவற்றையும் இறக்காதீர்கள். எண், தலைப்பு, தேதி, யார் எடுத்தது, யார் கொடுத்தது, உரிமை நிலை, இவை போதும். ஒரு விரிதாளே தாங்கும். தேதியை மட்டும் 1952-03-14 என்ற வடிவில் எழுதப் பழக்குங்கள், அப்போதுதான் வரிசைப்படுத்தினால் ஒழுங்காக நிற்கும். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

நுண்பதிவு:
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதோடு இரண்டு விஷயம்.

ஸ்கேனர் மென்பொருளில் தானாக மெருகேற்றும் வசதி இருக்கும், முதலில் அதை அணைக்கக் கற்றுக்கொடுங்கள். நான் உதவப் போன ஒரு குழு ஒரு கணக்குப் புத்தகம் முழுவதையும் அந்த வசதியோடு ஸ்கேன் செய்துவிட்டது. தாள் பளிச்சென்று வெள்ளையாக வந்தது, ஓரத்தில் பென்சிலில் இருந்த குறிப்புகள் போய்விட்டன. மொத்தத்தையும் மறுபடி செய்தோம், அந்தப் பழைய தையலை இரண்டாவது தடவை விரிக்க வேண்டி வந்ததுதான் எனக்கு இன்னும் வருத்தம். தாளுக்கு 400 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை படப்புள்ளி), சிறிய புகைப்படத்துக்கு 600, மூலப்பிரதி சுருக்கப்படாத டிஃப் (TIFF) கோப்பாக, பகிர்வதற்கு அளவு குறைந்த ஜேபெக் (JPEG) கோப்பு. ஏ4 தாள் ஒன்று 400-இல் வண்ணத்தில் சுமார் 46 எம்பி வரும், அதாவது ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. வன்தட்டு வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். தையல் இறுகிய புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தவே கூடாது, மேலிருந்து கேமராவில் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஒலிநாடா. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். தாளை நல்ல உறையில் வைத்தால் காத்திருக்கும், நாடா காத்திருக்காது, ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. யுனெஸ்கோ 2019-இலேயே காந்த நாடாக்களுக்காக எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வினிகர் வாடை அடித்தாலோ, ஓட்டும்போது ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டாலோ, நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நாடாவை வகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டாம்.

கரையோரம்:
ஒரு சங்கத்துக்கு இரண்டு பேரையாவது பழக்குங்கள். எங்கள் சங்கத்தில் ஒருவருக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும், அவர் உடல்நலமில்லாமல் படுத்ததும் வேலை நின்றது, கடவுச்சொல்கூட வேறு யாரிடமும் இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில், இதைப் பலரும் சொல்லிவிடுவார்கள். பிரதி திறக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்குத்தான் ஆள் இருக்காது. அதற்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் வகுப்பு முடிவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு, மாதம் ஒருமுறை அவர்கள் திரையைக் காட்டிச் சந்தேகம் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா உங்களால்?

பழங்கட்டு:
முடியும், மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒதுக்குகிறேன். ஒலிநாடா எத்தனை இருக்கிறது என்று நாளைக்கே எண்ணிச் சொல்லச் சொல்கிறேன், இதுவரை அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. @நூல்தூசி, பத்துப் பொருளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டுமா, நான் எடுத்துக்கொடுக்கட்டுமா?

நூல்தூசி:
அவர்களே எடுக்கட்டும். ஆனால் ஒரு கடிதம், பின்பக்கம் எழுதிய ஒரு படம், யாருடையது என்றே தெரியாத ஒரு பொருள், இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.