அமெரிக்காவில் மூன்றாவது கட்சி ஏன் நிலைப்பதில்லை?

மேகலை:
1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்கு ஏறக்குறைய 1.97 கோடி ஓட்டு விழுந்தது, அதாவது 18.9 சதவீதம். ஆனால் அதிபர் யார் என்று முடிவு செய்யும், மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் எலக்டோரல் வாக்கு ஒன்றுகூட இல்லை. மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் முதலிடம் வந்தவருக்கே அத்தனை எலக்டோரல் வாக்குகளும் போய்விடும். மக்கள் இரண்டு கட்சி போதும் என்று நினைப்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஐந்தில் ஒருவர் வேறு ஆளைக் கேட்டிருக்கிறார், விதிதான் அதை அழித்தது.

செல்வம்77:
விதி மட்டும் காரணம் என்றால் கனடா, பிரிட்டன், இந்தியாவிலும் இரண்டே கட்சி இருக்க வேண்டுமே? அங்கேயும் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிக்கிறார். வித்தியாசம், கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் இருக்கிறது. நம் ஊரில் தலைமை சீட்டு தராவிட்டால் வெளியேறித் தனிக்கட்சி தொடங்குவார்கள். அமெரிக்காவில் வெளியேற வேண்டிய தேவையே இல்லை. 2016ல் டிரம்ப் குடியரசுக் கட்சியின் பெரிய தலைகள் பலர் எதிர்த்தும் பிரைமரியில் ஜெயித்துக் கட்சியையே தன் வசமாக்கினார். செனட்டில் சுயேச்சையான சாண்டர்ஸும் அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்குத்தான் போனார். கதவு திறந்திருக்கும்போது புதுவீடு யார் கட்டுவார்கள்?

மேகலை:
கனடாவில் கியூபெக் மாகாணக் கட்சியான பிளாக் கியூபெக்குவா அந்த ஒரே மாகாணத்தில் முப்பது இடம் வாங்கினாலும் நாடாளுமன்றத்தில் பேரம் பேசலாம். அதிபர் பதவியை அப்படிப் பங்கு போட முடியாது, செல்வம். 1968ல் இனப்பிரிவினை பேசிய ஜார்ஜ் வாலஸ் தெற்கில் ஐந்து மாநிலங்களைப் பிடித்து 46 எலக்டோரல் வாக்கு வாங்கினார். ஜெயிக்கத் தேவையான 270 எலக்டோரல் வாக்கு யாருக்கும் கிடைக்காமல் செய்து பேரம் பேசுவதுதான் திட்டம். நிக்சன் 301 வாங்கிவிட்டார், திட்டம் அதோடு முடிந்தது.
அப்புறம், கதவு எல்லோருக்கும் திறந்தா இருக்கிறது? 1992ல் மேடையில் விவாதித்த அதே பெரோவை 1996 விவாதங்களில் சேர்க்கவே இல்லை.

பாரி:
புளோரிடாவை விட்டுவிட்டீர்களே. 2000ல் குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை 537 ஓட்டில் ஜெயித்தார். பசுமைக் கட்சியின் ரால்ப் நேடருக்கு அங்கே விழுந்தது 97,000க்கும் மேல். அந்த ஓட்டு பிரிந்ததால்தான் கோர் தோற்றார் என்று பலர் நினைத்தார்கள். நாடு முழுக்க அவருக்கு அந்த வருஷம் 2.7 சதவீதம். 2004ல் மறுபடி நின்றபோது அரை சதவீதம்கூட வரவில்லை. பிடித்தவருக்குப் போட்டால் பிடிக்காதவர் வந்துவிடுவார் என்ற பயம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

செல்வம்77:
சரி, அந்தப் பயத்தைப் போக்கத்தானே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி, முதல் விருப்பம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும் முறை வந்தது? 2024ல் கொலராடோ, நெவாடா, ஐடஹோ, ஓரிகன் என நான்கு மாநில மக்களிடம் கேட்டார்கள். நான்கிலும் வேண்டாம் என்றார்கள். இதையும் விதியின் மேல் போடுவீர்களா?
இன்னொன்று. மூன்றாவது கட்சியின் வேலை ஜெயிப்பது மட்டும் இல்லை. 1892ல் விவசாயிகளின் பாப்புலிஸ்ட் கட்சி 22 எலக்டோரல் வாக்கு வாங்கியது. தங்கத்தோடு வெள்ளியிலும் தடையின்றி நாணயம் அடிக்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கையை 1896ல் ஜனநாயகக் கட்சி தன் கோரிக்கையாகவே ஏற்று, வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. விவசாயிகளின் குரல் அப்படித்தான் வாஷிங்டன் வரை போனது.

மேகலை:
குரல் போனது, கட்சி காணாமல் போனது. பிரையன் தோற்றார், பாப்புலிஸ்ட் கட்சி அதற்குப் பிறகு எழவே இல்லை. இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?
நான்கு மாநிலங்களைச் சொன்னீர்கள். மேய்னில் 2016ல் மக்களே ஓட்டுப் போட்டு அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அலாஸ்காவில் 2024ல் அதை நீக்கும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றது. அதைவிட முக்கியம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பது அரசியலமைப்பில் இல்லை, 1967ல் காங்கிரஸ் போட்ட சாதாரணச் சட்டம். அதைத் திருத்தி, ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் பெரிய தொகுதிகளை விகிதாசார முறையில் அமைத்தால் 20 சதவீதம் வாங்குகிற கட்சிக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

செல்வம்77:
திருத்த வேண்டியவர்கள் அந்த இரண்டு கட்சி உறுப்பினர்கள்தானே. தன் தொகுதியை இழக்க எவர் கை தூக்குவார்?

மேகலை:
மேய்னிலும் சட்டமன்றம் வரிசைப்படுத்தும் முறையைத் தள்ளிப்போடத்தான் பார்த்தது. மக்கள் 2018ல் கையெழுத்து திரட்டி, இரண்டாம் முறை ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள்.